கல்ச்சர் ரிப்போர்ட் சொல்லாத ஒன்று: அதிவீரிய கிளெப்சியெல்லாவை லேபில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காய்ச்சல், குளிர் நடுக்கம், வலது விலாவுக்குக் கீழே வலி. நோயாளிக்கு ஐம்பது வயது, சில வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு, மற்றபடி தினமும் வேலைக்குப் போய்வந்தவர்தான். ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி. ஊசி வைத்துச் சீழை எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் ரிப்போர்ட் வருகிறது: கிளெப்சியெல்லா நிமோனியே. கீழே மருந்துகளின் பட்டியல். ஆம்பிசிலின் ஒன்றைத் தவிர எல்லா மருந்துக்கும் நேரே ‘சென்சிட்டிவ்’ என்று போட்டிருக்கிறது. அதாவது, எந்த மருந்து கொடுத்தாலும் கிருமி கட்டுப்படும். பார்க்கிறவர்களுக்கு நிம்மதிதான்.

அதே நோயாளி நாலாம் நாள், ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது என்கிறார். கல்லீரலில் இருந்த கிருமி ரத்தத்தோடு போய்க் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. இனி ஒவ்வொரு மணி நேரமும் பார்வைக்கான போராட்டம்.

ரிப்போர்ட்டில் தவறு ஏதும் இல்லை. சாதாரண கல்ச்சர் ரிப்போர்ட் இரண்டு கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லும்: இது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும். மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. இந்தக் கிருமி உடம்புக்குள் எவ்வளவு சேதம் செய்யக்கூடியது? அந்தத் திறனைத்தான் வீரியம் என்கிறோம். மருந்துக்கு அடங்காமல் இருப்பது வேறு, வீரியமாக இருப்பது வேறு. மருந்துக்கெல்லாம் அடங்கும் ஒரு கிருமி, மருந்து போய்ச் சேருவதற்குள் ஆளைச் சாய்த்துவிடலாம். இந்த மூன்றாவது கேள்விக்கு லேபில் எப்படிப் பதில் தேடுகிறார்கள் என்பதைக் கிளெப்சியெல்லாவை வைத்தே பார்க்கலாம். இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கிளெப்சியெல்லா நிமோனியே புதிய கிருமி அல்ல. 1882-லேயே கார்ல் ஃபிரீட்லேண்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். உலகம் முழுக்க எல்லா லேபிலும் இன்றைக்கும் தினமும் செய்யும் கிராம் சாயமேற்றல், அவரோடு பெர்லினில் வேலை பார்த்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட முறை. இந்தக் கிருமி பலருடைய குடலில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். நோய் உண்டாக்கினாலும், நீண்ட காலமாக அது ஆஸ்பத்திரிக் கிருமி என்றே பெயர் வாங்கியிருந்தது. ஐசியூவில் வென்டிலேட்டரில் இருப்பவர், சிறுநீர்க் குழாய் போட்டவர், வயதானவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்று ஏற்கெனவே நொந்துபோன உடம்பைத்தான் பிடிக்கும். இதைச் செவ்வியல் வகை என்பார்கள்.

1986-ல் தைவானிலிருந்து ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. ஏழு நோயாளிகள். எல்லோருக்கும் கிளெப்சியெல்லாவால் கல்லீரலில் சீழ்க்கட்டி, கூடவே கண்ணுக்குள்ளும் சீழ். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தொற்றியது அல்ல, வெளியிலிருந்தே வந்த தொற்று. அதன் பிறகு தைவான், கொரியா, சீனா, சிங்கப்பூர் என்று ஆசியாவின் பல இடங்களிலிருந்து இதே மாதிரி செய்திகள் வரத் தொடங்கின. கல்லீரலோடு நிற்காமல் நுரையீரல், மண்ணீரல், மூளை உறை, கண், தசை என்று தூர உறுப்புகளுக்கெல்லாம் பரவுவது இதன் குணம். கிளெப்சியெல்லா குடும்பத்துக் கிருமிகள் சாதாரணமாக இப்படிச் செய்யாது. இதற்குத்தான் அதிவீரிய கிளெப்சியெல்லா என்று பெயர் வைத்தார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது, ஆனால் வேறு எந்த நோயும் இல்லாத நடுத்தர வயதுக்காரர்களையும் விடுவதில்லை.

சரி, இந்த இரண்டு வகைக்கும் என்ன வித்தியாசம்? முக்கியமாக இரண்டு.

முதலாவது, உறை. கிளெப்சியெல்லா தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளாலான கொழகொழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். ரத்த வெள்ளணுக்கள் அதைப் பிடித்து விழுங்க வரும்போது இந்த உறை தடுக்கும். அதிவீரிய வகையில் உறை இன்னும் தடிமன், இன்னும் பிசுபிசுப்பு. உறையின் ரசாயன அமைப்பை வைத்து கே1, கே2 என்று எண்கள் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். கல்லீரல் சீழ்க்கட்டிகளில் பெரும்பாலும் பிடிபடுவது இந்தக் கே1, கே2 வகைகள்தான்.

இரண்டாவது, இரும்பு. பாக்டீரியா பெருக இரும்புச் சத்து வேண்டும். நம் உடம்போ இரும்பைப் புரதங்களோடு பிணைத்து வைத்திருக்கும், சும்மா கிடைக்காது. அதனால் கிருமிகள் இரும்பைக் கவர்ந்து வரச் சிறு மூலக்கூறுகளை வெளியே விடும். இவற்றுக்கு சிடரோஃபோர் என்று பெயர். எல்லாக் கிளெப்சியெல்லாவும் என்டரோபாக்டின் என்ற ஒன்றைத் தயாரிக்கும். ஆனால் நம் உடம்பிலுள்ள லிப்போகாலின்-2 என்ற புரதம் அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். அதிவீரிய வகையிடம் ஏரோபாக்டின், சால்மோகெலின் என்று கூடுதலாக இரண்டு உண்டு. லிப்போகாலினால் இவற்றைப் பிடிக்க முடியாது. அதிலும் ஏரோபாக்டினைத்தான் இந்த வகை ஏராளமாகச் சுரக்கிறது. உறை கொழகொழப்பாக இருப்பது கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் இந்தக் கிருமியைப் புரிந்துகொள்ள ஏரோபாக்டின்தான் சாவி என்பது என் எண்ணம். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உறையைக் கூட்டும் மரபணுக்களில் முக்கியமானவையும், ஏரோபாக்டின், சால்மோகெலின் இரண்டுக்குமான மரபணுக்களும் பெரும்பாலும் ஒரே பிளாஸ்மிடில் இருக்கின்றன. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் முக்கியக் குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையம். இந்த வீரிய பிளாஸ்மிட் பெரியது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகள் கொண்டது. ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குப் போகவும் கூடும். இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் வரும் கவலை எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போது லேபுக்குள் போகலாம். சீழோ ரத்தமோ வந்து சேர்ந்ததும் முதலில் கிராம் சாயம். மைக்ராஸ்கோப்பில் இளஞ்சிவப்பாக, குட்டையாக, தடித்த குச்சிகள் தெரியும். சில சமயம் ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் சாயம் ஏறாத வெளிர் வளையம் இருக்கும், அது உறை. பிறகு பிளட் அகார், மெக்கான்கி அகார் என்ற, கிருமி வளர உணவு ஊட்டிய தட்டுகளில் கோடிழுத்து இன்குபேட்டரில் 37 டிகிரியில் வைப்பார்கள். மறுநாள் காலையில் மெக்கான்கி தட்டில் பெரிய பெரிய, ஈரப் பளபளப்பான இளஞ்சிவப்புத் திட்டுகள், ஒன்றோடொன்று வழிந்து கலந்து நிற்கும். இந்தத் திட்டுகளுக்குக் காலனி என்று பெயர். ஒரு காலனியை மால்டி-டாஃப் கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் ‘கிளெப்சியெல்லா நிமோனியே’ என்று திரையில் வந்துவிடும். புரதங்களின் எடையை வைத்து இனத்தைச் சொல்லும் கருவி அது. இனத்தைச் சொல்லும், அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் இரண்டு வகைகளைப் பிரித்துச் சொல்ல வழக்கமான மால்டி-டாஃப் முடிவு போதாது.

இந்த இடத்தில்தான் ஸ்ட்ரிங் டெஸ்ட். கருவி எதுவும் வேண்டாம். ஓர் இரவு வளர்ந்த புதிய காலனியை லூப்பின், அதாவது நுனியில் சிறு வளையம் உள்ள குச்சியின், நுனியால் தொட்டு மெதுவாக மேலே தூக்க வேண்டும். சாதாரணக் காலனி என்றால் லூப்போடு சிறு துளி ஒட்டிக்கொண்டு வரும், அவ்வளவே. அதிவீரிய வகை பெரும்பாலும், வெல்லப் பாகில் கம்பிப் பதம் பார்க்கும்போது விரல்களுக்கு நடுவே இழுபடுவது மாதிரி, அறுபடாமல் கம்பியாக நீளும். 5 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் பாசிட்டிவ். சிலவற்றில் பல சென்டிமீட்டர் வரைகூட அறுபடாமல் வரும். முதல்முறை பார்க்கும் மாணவர்கள் அதை மறக்க மாட்டார்கள். செலவே இல்லாத, ஒரு நிமிடத்தில் முடிகிற பரிசோதனை. கல்லீரல் சீழிலோ ரத்தத்திலோ கிளெப்சியெல்லா வளர்ந்தால் ஒரு தடவை லூப்பால் இழுத்துப் பார்ப்பதை எந்தச் சிறிய லேபும் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

ஆனால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. பிசுபிசுப்பான காலனி எல்லாம் அதிவீரியம் அல்ல, செவ்வியல் வகையிலும் சில கம்பியாக இழுபடும். மறுபக்கம், உண்மையான அதிவீரிய வகையில் சில இழுபடவே செய்யாது. தட்டு எந்த அகார், காலனி எத்தனை மணி நேரம் வளர்ந்தது, இழுப்பவர் எவ்வளவு வேகமாகக் கையைத் தூக்கினார் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். இதைச் சரிக்கட்ட, திரவத்தில் வளர்த்த கிருமியைக் குறைந்த வேகத்தில் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிப் பார்க்கும் முறை இருக்கிறது. சாதாரணக் கிருமி அடியில் படிந்து மேலே நீர் தெளியும். பிசுபிசுப்பானது படியாமல் கலங்கலாகவே நிற்கும். எவ்வளவு கலங்கல் என்பதைக் கருவியில் எண்ணாக அளக்கலாம் என்பதால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வராது. இன்னொரு விஷயம்: உறை தடிமனாக இருப்பதும் காலனி பிசுபிசுப்பாக இருப்பதும் ஒன்றேதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இரண்டையும் தனித்தனி மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன என்று 2020 வாக்கில் தெரிய வந்தது. ஆகவே ஸ்ட்ரிங் டெஸ்ட் அளப்பது பிசுபிசுப்பை மட்டும்தான். வீரியத்தை அது நேரடியாக அளப்பதில்லை.

அப்படியானால் எதை நம்புவது? மரபணுக்களை.

2018-ல் தாமஸ் ரூசோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு இதைப் பொறுமையாகச் சோதித்தது. கல்லீரல் சீழ்க்கட்டி போன்ற தெளிவான அதிவீரியத் தொற்றுகளிலிருந்து எடுத்த கிருமிகளை ஒரு பக்கமும், சாதாரண ஆஸ்பத்திரித் தொற்றுக் கிருமிகளை இன்னொரு பக்கமும் வைத்து, எந்த அடையாளம் இரண்டையும் சரியாகப் பிரிக்கிறது என்று பார்த்தார்கள். ஐந்து மரபணுக்கள் தேறின: ஏரோபாக்டினுக்கான ஐயுசி-ஏ, சால்மோகெலினுக்கான ஐரோ-பி, உறையைத் தூண்டும் ஆர்எம்பி-ஏ, ஆர்எம்பி-ஏ2, அப்புறம் பெக்-344 என்ற ஒன்று. ஒவ்வொன்றும் 95 சதவீதத்துக்கும் மேல் சரியாகப் பிரித்தது. கிருமி சுரக்கும் சிடரோஃபோரின் மொத்த அளவும் அதே அளவுக்கு உதவியது. மில்லிலிட்டருக்கு 30 மைக்ரோகிராம், அதற்கு மேல் போனால் அதிவீரியம்.

இந்த மரபணுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சாதாரண பிசிஆர் போதும். காலனியைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் செல்கள் உடைந்து டிஎன்ஏ வெளியே வரும். தேடும் மரபணுவில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளை, அதாவது பிரைமர்களைச் சேர்த்துச் சூடாக்கிக் குளிர வைத்து, மறுபடி மறுபடி பெருக்கினால், மரபணு இருந்தால் ஜெல்லில் அதற்குரிய இடத்தில் ஒரு பட்டை தெரியும். ஒரே குழாயில் ஐந்துக்கும் பிரைமர் போட்டு ஒன்றாகப் பார்க்கவும் முடியும். கொரோனா காலத்துக்குப் பிறகு பிசிஆர் கருவி இல்லாத பெரிய ஆஸ்பத்திரி அரிது. காலனி கிடைத்த அன்றைக்கே முடிவு சொல்லிவிடலாம். ஆனாலும் பெரும்பாலான லேப்களில் இது அன்றாடப் பரிசோதனையாக இன்னும் ஆகவில்லை. ஆராய்ச்சி நடக்கும் இடங்களில்தான் செய்கிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

ஏரோபாக்டின் சாவி என்றேனே, காரணம் இதுதான். ஆர்எம்பி மரபணுக்களில் அடிக்கடி சிறு பிழைகள் விழுகின்றன. ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஒன்று கூடியோ குறைந்தோ போனால் போதும், புரதம் பாதியில் நின்றுவிடும். பிசிஆரில் பட்டை அழகாகத் தெரியும், மரபணு இருக்கிறது என்று எழுதிவிடுவோம், ஆனால் அது வேலை செய்யாது. வேலூர் சி.எம்.சி.யின் நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள், மருந்துக்கு அடங்காத அதிவீரிய கிளெப்சியெல்லாக்களைப் பார்த்து, நிலையில்லாத ஆர்எம்பி-ஏ2-வைவிட ஏரோபாக்டினே நம்பத்தக்க அடையாளமாகத் தெரிகிறது என்று 2021-ல் எழுதினார்கள். நம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளின் கிருமிகளிலிருந்து வந்த முடிவு என்பதால் இதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஏரோபாக்டின் மரபணு மட்டும் இருந்துவிட்டால் கிருமி உண்மையிலேயே அதிவீரியமாகிவிடுமா? வீரிய பிளாஸ்மிடின் ஒரு துண்டை மட்டும் வாங்கிக்கொண்ட ஆஸ்பத்திரி வகைகள் இப்போது நிறையத் தென்படுகின்றன. அவற்றை எலிக்குச் செலுத்தினால் பல சமயம் எலி தப்பிவிடுகிறது. அதே ரூசோ குழு 2024-ல் இப்படிப்பட்ட கலவை வகைகளைச் சோதித்து, ஐந்து மரபணுக்களும் ஒன்றாக இருப்பதே அதிவீரியத்தை மிகச் சரியாகக் காட்டுகிறது என்று சொன்னது. எலிச் சோதனைதான் கடைசி நீதிபதி. அசல் கே1, கே2 வகை என்றால் ஆயிரத்துக்கும் குறைந்த பாக்டீரியாவே எலியைக் கொன்றுவிடும். செவ்வியல் வகை லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் போனாலும் கொல்வதில்லை. இருக்கிற நோயாளிக்காக எலியில் சோதித்துக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் மரபணு அடையாளங்களுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

முழு மரபணுத் தொகுப்பையும் படிக்கும் வசதி இருந்தால் வேலை எளிது. கிளெபொரேட் என்ற இலவச மென்பொருளில் அந்த டிஎன்ஏ வரிசையைப் போட்டால் கிருமியின் பரம்பரை, உறை வகை, மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் எல்லாவற்றையும் சொல்லி, வீரியத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண்ணும் போட்டுவிடும். ஏரோபாக்டின் இருந்தால் மதிப்பெண் 3-க்குக் குறையாது. உலகில் கல்லீரல் சீழ்க்கட்டிகளுக்குப் பின்னால் அதிகம் இருக்கும் பரம்பரைக்கு எஸ்டி 23 என்று பெயர், உறை கே1.

இனி அந்தக் கவலை. அதிவீரியம் ஒரு பக்கம், மருந்துக்கு அடங்காமை ஒரு பக்கம் என்று நீண்ட காலம் இரண்டும் தனித்தனிக் கிருமிகளில் இருந்தன. அதுதான் நமக்கிருந்த ஒரே ஆறுதல். 2016-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் ஓர் ஆஸ்பத்திரி ஐசியூவில், பெரிய காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஐந்து பேருக்கு ஒரே கிளெப்சியெல்லாவால் நிமோனியா வந்தது. ஐந்து பேரும் இறந்துபோனார்கள். கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனெம்களுக்கு அது அடங்கவில்லை, கூடவே அதிவீரிய பிளாஸ்மிடையும் வாங்கி வைத்திருந்தது. எஸ்டி 11 என்ற சாதாரண ஆஸ்பத்திரிப் பரம்பரைதான் அது. எதிர்த்திசையிலும் நடக்கிறது: எஸ்டி 23 கார்பபெனெம் எதிர்ப்பு மரபணுவை வாங்கிக்கொள்கிறது. 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கேட்டதற்குப் பதில் தந்த 43 நாடுகளில் 16 நாடுகள் அதிவீரிய கிளெப்சியெல்லா தங்களிடம் இருப்பதாகச் சொன்னன, அவற்றில் 12 நாடுகளில் எஸ்டி 23 இருந்தது. அந்த 12-ல் இந்தியாவும் ஒன்று. பரிசோதிக்கும் வசதியே பல நாடுகளில் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கையைப் படிக்க வேண்டும்.

நோயாளிக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். மருந்து எப்படியும் சென்சிட்டிவிட்டி பார்த்துத்தானே கொடுக்கப்போகிறார்கள்? உண்மைதான். ஆனால் அதிவீரியம் என்று சந்தேகம் வந்துவிட்டால் மருத்துவர் தேடும் விதம் மாறும். சீழை முழுதாக வடித்தாகிவிட்டதா என்று மறுபடி ஸ்கேன் பார்ப்பார். கல்லீரலில் ஒன்று இருந்தால் வேறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவார். பார்வையில் சின்ன மாற்றம் இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரை வரவழைப்பார், ஏனென்றால் கண்ணுக்குள் போன தொற்றுக்கு ரத்தத்தில் ஏற்றும் மருந்து மட்டும் போதாது, கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கும். காய்ச்சல் நின்றதுமே மருந்தை நிறுத்தமாட்டார். நம்மூரில் கல்லீரல் கட்டி என்றால் முதலில் அமீபாவை நினைக்கும் வழக்கம் இருக்கிறது. அதனால் சீழைக் கல்ச்சருக்கு அனுப்புவதே சில சமயம் தள்ளிப்போகிறது. ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் எடுத்துவிடுவதும், பஞ்சுக் குச்சியில் தொட்டெடுக்காமல் சீழையே கிருமிநீக்கிய டப்பாவில் அனுப்புவதும், மேலே சொன்ன எல்லாப் பரிசோதனைக்கும் அடித்தளம்.

பிசிஆர் இல்லாத லேபும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஸ்ட்ரிங் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி எழுதலாம்: ‘காலனி மிகவும் பிசுபிசுப்பானது, அதிவீரிய வகையாக இருக்கக்கூடும், பிற உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும்.’ எழுதுவதோடு வார்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்வது இன்னும் நல்லது, அச்சடித்த ரிப்போர்ட் சில சமயம் ஃபைலுக்குள்ளேயே ஒரு நாள் கிடக்கும். அப்புறம், அந்தக் கிருமியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. வேலை முடிந்த தட்டுகள் சில நாளில், நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு காலனியைக் கிளிசரால் கலந்த திரவத்தில் போட்டு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், ஐந்து மரபணுக்களையும் பார்க்கும் பெரிய லேபுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்.